பயிற்சி வரிசையை இசையாக மாற்ற ஒரு சிறு பெட்டி: டிசி எலக்ட்ரானிக் டிட்டோ லூப்பர் – பேஸ் கிதார் வாசிப்பவரின் மதிப்பீடு

பேஸ் கிதார் பழகுபவர்கள் அன்றாடம் செய்யும் பயிற்சிகள் பெரும்பாலும் ஒரே வகையைச் சேர்ந்தவை. நான்கு விரல்களையும் அடுத்தடுத்த ஃப்ரெட்டுகளில் (கிதாரின் கழுத்தில் உள்ள கட்டங்களில்) வைத்து நான்கு தந்திகளிலும் ஏறி இறங்குவது, மேஜர் ஸ்கேலை ஒரு சுரம் விட்டு ஒரு சுரமாகத் தாண்டி வாசிப்பது, ஒவ்வொரு கார்டையும் (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தையும்) ஆர்பெஜியோவாக, அதாவது ஒவ்வொரு சுரமாகப் பிரித்து வாசிப்பது ஆகியவற்றை, சீராகத் தட்டிக் காட்டும் மெட்ரோனோமின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே பழகுகிறோம். இவற்றைப் பிசிறில்லாமல் வாசிக்கக்கூடிய பலர், டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்து ஒலிக்கத் தொடங்கியவுடன் கார்டுக்குப் பெயர் தரும் மூலச் சுரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறார்கள். அல்லது கைக்குப் பழக்கமான வரிசையை அப்படியே பாட்டின் நடுவில் கொட்டிவிடுகிறார்கள். விரலுக்குத் தெரிந்தது காதுக்குத் தெரியாமல் போவதுதான் இதற்குக் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வாசிக்கும்போது நம் கவனம் முழுவதும் விரலில் இருப்பதால், வாசித்தது ஒரு தொடக்கமும் ஒரு மூச்சும் ஒரு முடிவும் கொண்ட இசை வாக்கியமாக இருந்ததா என்பதைக் கேட்க நமக்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அந்த வாய்ப்பைத் தரும் கருவி என்ற ஒரே நோக்கில்தான், வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் காற்பெடலான டிட்டோ லூப்பரை இங்கே மதிப்பிடுகிறேன். மேடையில் தனியாளாகப் பல அடுக்குகளைச் சேர்த்துக் காட்டுபவர்களுக்கு இது எவ்வளவு உதவும் என்பது வேறு கேள்வி.

1976-இல் டென்மார்க்கில் தொடங்கப்பட்ட டிசி எலக்ட்ரானிக் நிறுவனத்தின் பெடல்களில் மிக எளிமையானவற்றுள் ஒன்று இது. உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவு. மேலே லூப்பின் (சுழலும் பதிவின்) ஒலியளவுக்கான ஒரே ஒரு திருகு. அதற்குக் கீழே காலால் அழுத்தும் ஒரே ஒரு பொத்தான். நிலையைக் காட்ட ஒரு சிறு விளக்கு. ஒருமுறை அழுத்தினால் பதிவு தொடங்குகிறது. இரண்டாம் முறை அழுத்திய நொடியில் பதிவு முடிந்து, வாசித்த பகுதி முதலிலிருந்து சுழலத் தொடங்குகிறது. மறுபடி அழுத்தினால் சுழல்வதன் மேலேயே இன்னொரு அடுக்கைச் சேர்க்கலாம். அழுத்திப் பிடித்தால் கடைசியாகச் சேர்த்த அடுக்கு நீங்கும், மீண்டும் பிடித்தால் திரும்ப வரும். விரைவாக இருமுறை தட்டினால் நின்றுவிடும். ஒரு லூப்பின் நீளம் 5 நிமிடம் வரை இருக்கலாம். அடுக்குகளின் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. பதிவு 24 பிட் தரத்தில், சுருக்கப்படாத ஒலியாக நடக்கிறது. நேரடியாக வாசிக்கும் ஒலி டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றப்படாமல் அனலாக் பாதையிலேயே செல்வதால், கீழ்த் தந்தியின் தடிமனை இது கெடுப்பதில்லை. பேஸ் வாசிப்பவருக்கு இது முக்கியமான செய்தி. கிதாருக்கென்று வடிவமைக்கப்பட்ட பெடல்களில் சில, கீழ் அலைவரிசைகளை மெலிய வைத்துவிடும்.

இவ்வளவுதான் இந்தப் பெட்டியில் இருக்கிறது. தாளம் வாசிக்கும் டிரம் ஒலிகளோ, திரையோ, கணினியுடன் இணைக்கும் வேலையோ கிடையாது. பயிற்சிக்கு உட்காரும்போது இந்த இல்லாமையே பெரிய உதவியாக இருக்கிறது. கருவியைத் தேர்ந்தெடுத்து, அமைத்து, பெயரிட்டுச் சேமிக்கும் வேலை எதுவும் இல்லாததால் கை தந்தியிலிருந்து எடுபடுவதே இல்லை.

முதலில் இந்தப் பெடல் காட்டிக்கொடுப்பது தாளத்தை. நிமிடத்துக்கு 80 தட்டு என்ற வேகத்தில் நான்கு பார்களை (ஒரு பாருக்கு நான்கு தட்டு) பதிவு செய்தால் அந்த லூப்பின் நீளம் சரியாக 12 நொடி. முடிக்கும் பொத்தானை வெறும் 50 மில்லி நொடி தாமதமாக அழுத்தினாலும் ஒவ்வொரு சுற்றும் 12.05 நொடியாகிவிடும். பக்கத்தில் மெட்ரோனோம் ஓடிக்கொண்டிருந்தால் ஐந்தாவது சுற்றின் முடிவில் கால் நொடியும், பதினைந்தாவது சுற்றின் முடிவில் ஒரு முழுத் தட்டும் விலகியிருக்கும். மெட்ரோனோம் இல்லாவிட்டாலும் லூப் திரும்பும் இடத்தில் ஒரு சிறு இடறல் கேட்கும். அதைக் காது மன்னிப்பதில்லை. இதைக் குறையாகக் கருதிச் சலித்துக்கொள்பவர்கள் உண்டு. எனக்கோ இந்தப் பெடல் தரும் முதல் பாடமே இதுதான் என்று தோன்றுகிறது. பயிற்சி வரிசைக்கு முடிவு என்று ஒன்று இருப்பதில்லை. கை ஓய்ந்த இடத்தில் அது நிற்கும். லூப்போ முடிவைக் கேட்கிறது. நான்காவது பாரின் கடைசித் தட்டு வரை காலத்தைச் சுமந்துகொண்டு போய், அடுத்த சுற்றின் முதல் தட்டில் பிசகாமல் இறங்க வேண்டும். எங்கே முடிப்பது என்று யோசிக்கத் தொடங்கிய கணத்திலேயே வரிசை வாக்கியமாக மாறத் தொடங்கிவிடுகிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டோடு சொல்வதே நல்லது. ஜி மேஜர் ஸ்கேலின் தாண்டல் பயிற்சியை எடுத்துக்கொள்வோம்: ஜி பி, ஏ சி, பி டி, சி ஈ என்று போகும் வரிசை. ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் ஸக ரிம கப மத; கர்நாடக இசை பயின்றவர்கள் தாட்டு வரிசையாக அறிந்த அதே வகை. இதை எட்டாம் பங்குச் சுரங்களாக, அதாவது தட்டுக்கு இரண்டாக, இடைவெளியில்லாமல் வாசித்தால் விரலுக்கு நல்ல உழைப்பு. கேட்பவருக்கு அதில் ஒன்றுமில்லை. இப்போது டிட்டோவில் நான்கு பார்களுக்கு மூலச் சுரங்களை மட்டும் பதிவு செய்யுங்கள்: முதல் பாரில் ஜி மேஜருக்காக ஈ தந்தியின் மூன்றாம் ஃப்ரெட், இரண்டாவதில் ஈ மைனருக்காக ஈ தந்தியைத் திறந்தபடி (ஃப்ரெட் எதையும் அழுத்தாமல்), மூன்றாவதில் ஏ மைனருக்காக ஏ தந்தியைத் திறந்தபடி, நான்காவதில் டி மேஜருக்காக ஏ தந்தியின் ஐந்தாம் ஃப்ரெட். ஒவ்வொரு பாரிலும் இரண்டு நீண்ட சுரங்கள் போதும். அந்தத் தளம் சுழலும்போது, தாண்டல் பயிற்சியை அதன் மேல் முதலில் மாற்றமின்றி ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டாவது பாரின் முதல் தட்டில் கை டி-யில் வந்து நிற்கும்; அது ஈ மைனரின் ஏழாம் சுரம். தவறென்று சொல்ல முடியாது, ஆனாலும் கார்டு மாறியதை அது அறிவிப்பதில்லை. வரிசை தன் போக்கில் போகிறது, கார்டுகள் தம் போக்கில் போகின்றன. இந்த விலகலைத் தனியாக மெட்ரோனோமோடு பயிலும்போது யாராலும் கேட்க முடியாது. தளம் ஓடும்போது முதல் சுற்றிலேயே கேட்கிறது.

இனி வரிசையிலிருந்து சிலவற்றை நீக்குங்கள். முதல் தட்டில் எதுவும் வாசிக்க வேண்டாம்; அங்கே தளத்தின் ஜி ஒலிக்கட்டும். இரண்டாம் தட்டில் பி, ஏ. மூன்றாம் தட்டில் சி, பி. நான்காம் தட்டில் டி, எஃப் ஷார்ப். அடுத்த பாரின் முதல் தட்டில் ஜி, அதை நீட்டி நிறுத்துங்கள். பி ஏ சி பி டி என்ற ஐந்தும் பயிற்சியில் வந்த சுரங்களே. எஃப் ஷார்ப் மட்டும் ஜி-க்குள் நுழைய வைத்த வாசற்படி. இறங்கிய ஜி, ஈ மைனரின் மூன்றாம் சுரம், அதாவது அந்தக் கார்டு மைனர் என்பதைச் சொல்லும் சுரம். டி தந்தியின் ஏழாம், ஒன்பதாம், பத்தாம் ஃப்ரெட்டுகளில் தொடங்கி ஜி தந்தியின் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் முடித்தால் கைக்கும் இடம் வசதியாக அமையும். இரண்டாவது பாரின் எஞ்சிய பகுதி முழுவதையும் காலியாக விடுங்கள். மூன்றாவது பாரில் அதே வடிவத்தை ஸ்கேலில் ஒரு சுரம் கீழே இறக்குங்கள்: ஏ ஜி, பி ஏ, சி ஈ என்று வந்து, நான்காவது பாரின் முதல் தட்டில் எஃப் ஷார்ப். அது டி மேஜரின் மூன்றாம் சுரம். அதோடு ஜி-யின் வாசலில் நிற்கும் சுரமும் கூட. லூப் திரும்பி முதல் பாருக்கு வரும்போது தளத்தில் ஒலிக்கும் ஜி அதற்கு விடையாக அமைந்துவிடுகிறது. முதல் இரண்டு பார்கள் கேள்வி, அடுத்த இரண்டும் பதில். கரிமகபநிஸ் என்றும் ரிஸகரிமதநி என்றும் பாடிப் பார்த்தால் சங்கராபரணத்தில் இரண்டு சிறு பிடிகளாகவே அவை ஒலிக்கும்.

இதில் புதிய விரல் வேலை எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நடந்தவை மூன்றே: சில சுரங்களை வாசிக்காமல் விட்டோம், கார்டு மாறும் தட்டில் எந்தச் சுரத்தில் இறங்குவது என்று முடிவு செய்தோம், ஒரே வடிவத்தை இடம் மாற்றி மறுபடி சொன்னோம். இந்த மூன்றையும் காகிதத்தில் எழுதிக் கற்பிக்க முடியும். நானும் அப்படிக் கற்பித்திருக்கிறேன். ஆனாலும் தளம் சுழன்றுகொண்டே இருக்கும்போது மாணவர் தாமாகவே ஒரு சுரத்தைத் தள்ளிவைத்துப் பார்ப்பதும், இறங்கும் இடம் பொருந்தியதைத் தம் காதாலேயே கண்டுகொள்வதும் எந்த விளக்கத்தாலும் வராத தெளிவைத் தருகின்றன. டிட்டோவின் பயன் இங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. அது களைப்பில்லாமல் அதே நான்கு பார்களை அதே வேகத்தில் திரும்பத் தருகிறது; நாம் மட்டும் மாறிக்கொண்டே இருக்கலாம். கீர்த்தனையில் ஒரு வரிக்குச் சங்கதிகள் வளர்வதும் இப்படித்தான்: தளம் அசையாது, வரி ஒவ்வொரு முறையும் சிறிது விரியும்.

அடுத்த கட்டம் வாசித்ததையே கேட்பது. மேலே சொன்ன வாக்கியத்தைத் தளத்தின் மேல் இரண்டாம் அடுக்காகப் பதிவு செய்துவிட்டு, கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிட்டுக் கேளுங்கள். சுரங்கள் எல்லாம் சரியாக இருந்தும் வாக்கியம் உயிரற்றிருந்தால், பெரும்பாலும் குறை நீளத்தில் இருக்கும். பேஸ் கிதாரில் ஒரு சுரம் எங்கே தொடங்குகிறது என்பதில் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட அது எங்கே முடிகிறது என்பதில் நாம் காட்டுவதில்லை. வட்டச் சுற்றுத் தந்தி ஒன்றை மீட்டிவிட்டால் அது நெடுநேரம் ஒலித்துக்கொண்டே இருக்கும். அதை நிறுத்துவது இடக்கை விரலைச் சற்றே தளர்த்துவதிலும் வலக்கையின் ஓரத்தைத் தந்தியில் வைப்பதிலும் இருக்கிறது. கார்வை என்று மிருதங்கக்காரர்கள் சொல்லும் அந்த நீட்டலையும் நிறுத்தத்தையும் அளந்து வைத்தால்தான் வாக்கியம் பேசத் தொடங்கும். டிட்டோவில் அதே வாக்கியத்தை மூன்று வகையாகப் பதிவு செய்து ஒப்பிடலாம்: எல்லாச் சுரங்களையும் முழு நீளத்துக்குப் பிடித்து ஒருமுறை, எல்லாவற்றையும் குட்டையாக வெட்டி ஒருமுறை, முதல் ஆறைக் குட்டையாகவும் இறங்கும் ஜி-யை மட்டும் நீளமாகவும் வைத்து ஒருமுறை. மூன்றாவது வகையில் கேட்பவரின் கவனம் தானாகவே ஜி-யில் போய் நிற்கும்.

டெட்ராய்ட்டில் மோட்டவுன் இசை நிறுவனத்தின் ஒலிக்கூடத்தில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் ஒலி இன்றும் பேசப்படுவதற்கு இந்த நீளக் கட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம். அவருடைய 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் தட்டைச் சுற்றுத் தந்திகள் இருந்தன; பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஒலியை அடக்கும் நுரைப்பஞ்சும் இருந்தது. வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். இந்த அமைப்பில் எந்தச் சுரமும் தேவைக்கு மேல் நீடிக்காது. அவர் நெருக்கமாகவும் தட்டுக்கு எதிராகவும் வாசித்த சுரங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியே கேட்டதற்கு அதுவும் துணை நின்றது. விரல்களின் எண்ணிக்கையைப் பற்றிக் கவலைப்படும் மாணவர்களிடம் இதை நான் தவறாமல் சொல்வதுண்டு. ஒரே ஒரு விரலால் வாசித்தவரின் வரிகளைத்தான் உலகெங்கும் இரண்டு விரல்காரர்கள் இன்றுவரை படியெடுத்துப் பழகுகிறார்கள்.

எடுப்பை, அதாவது வாக்கியத்தைத் தாளத்தின் எந்த இடத்தில் தொடங்குவது என்பதை, பழகவும் இந்தப் பெடல் மிகப் பொருத்தமானது. பயிற்சி வரிசைகள் எல்லாம் சமத்தில், தாளத்தின் முதல் தட்டிலேயே, எடுக்கப்படுகின்றன. நாமும் அறியாமலே எல்லா வாக்கியங்களையும் முதல் தட்டில் தொடங்கும் பழக்கத்துக்கு ஆளாகிவிடுகிறோம். தளம் சுழலும்போது அதே ஏழு சுரங்களை ஒன்றரைத் தட்டு தள்ளி எடுத்துப் பாருங்கள். பிறகு முந்தைய பாரின் நான்காம் தட்டிலேயே தொடங்கி முதல் தட்டைக் கடந்து செல்லுங்கள். இப்படி அனாகதமாகவும் (தட்டுக்குப் பின்) அதீதமாகவும் (தட்டுக்கு முன்) எடுப்பது பாட்டுக்காரர்களுக்குப் பழகிய விஷயம். பேஸ் கிதாரில் அதைச் செய்யும்போது தாளத்தின் அடித்தளமே நம் கையில் இருப்பதால் தடுமாற்றம் அதிகம். அந்த அடித்தளத்தை டிட்டோ சுமந்துகொண்டிருக்கும் நேரத்தில் நாம் அஞ்சாமல் தள்ளி எடுக்கலாம், தவறவிடலாம், அடுத்த சுற்றில் மறுபடி எடுக்கலாம். இவ்வாறு எடுப்பதற்கு முன், கிதாரைத் தொடாமல் வாக்கியத்தை வாயால் சொல்லிவிடுவதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளலாம். தகதிமி, தகிட என்று சொற்கட்டாகச் சொல்லி வந்தால் போதும், குரல் வளம் தேவையில்லை. வாயால் சொல்ல முடியாத நீளத்துக்கு வாக்கியம் போய்விட்டால் அது விரலின் பழக்கத்தால் நீண்டது என்று தெரிந்துவிடும்; ஏனெனில் வாய்க்கு மூச்சு வேண்டும், விரலுக்கு அது வேண்டியதில்லை.

நான் மிகவும் விரும்பும் பயன்பாடு வேறொன்று. எட்டு பார் நீளத்தில் லூப்பைத் தொடங்கி, முதல் இரண்டு பார்களில் ஒரு வாக்கியத்தை வாசித்து, அடுத்த இரண்டு பார்களை முற்றிலும் காலியாக விட்டு, ஐந்தாவது ஆறாவது பார்களில் அதே வாக்கியத்தின் முடிவை மட்டும் மாற்றி வாசித்து, கடைசி இரண்டையும் காலியாக விட வேண்டும். நிமிடத்துக்கு 80 தட்டு வேகத்தில் மொத்தம் 24 நொடி. அந்த வெற்றுப் பார்களில் காலம் கையை விட்டு நழுவாமல் இருப்பதே கடினமான பயிற்சி. பதிவு சுழலத் தொடங்கியதும் அந்தக் காலி இடங்களில் பதில் சொல்ல வேண்டும். கேள்வியில் இருந்த தாள வடிவத்தை வைத்துக்கொண்டு சுரங்களை மாற்றுவது ஒரு வகை பதில். சுரங்களை வைத்துக்கொண்டு தாளத்தை மாற்றுவது இன்னொரு வகை. தன்னுடைய கேள்விக்குத் தானே பதில் சொல்லும்போது, கேள்வியே தெளிவில்லாமல் இருந்தது என்பது பெரும்பாலும் முதலில் புரியும். இப்படிக் கேள்வியைத் திருத்தி மறுபடி பதிவு செய்யும் வேலையில்தான் ஆர்பெஜியோ பயிற்சிகள் எனக்கு முதன்முதலாக இசையாகக் கேட்டன.

தன் வாசிப்பைச் சுழலவிட்டு அதன் மேல் தானே வாசிப்பது பேஸ் கிதாருக்குப் புதிதல்ல. 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ், ஒலியைத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் டிஜிட்டல் டிலே கருவி ஒன்றைக் கொண்டு மேடையில் இதைச் செய்திருக்கிறார். தமிழ்ப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவர்களுக்கோ பேஸ் தனியாக ஒரு வரியைப் பாடுவது இன்னும் நெருக்கமான அனுபவம். இளையராஜாவின் 1980-களின் பாடல்களில் பேஸ் கிதார் குரலுக்கு அடியில் மூலச் சுரங்களை அடுக்குவதோடு நிற்பதில்லை. குரல் மூச்செடுக்கும் இடத்தில் அது நுழைந்து ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டுக் குரல் திரும்பும்போது ஒதுங்குகிறது. அத்தகைய ஒரு பாடலின் கார்டுகளை லூப்பில் வைத்து, எந்தத் தட்டுகளில் அந்த பேஸ் வாசிக்காமல் இருக்கிறது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு, நம் சொந்தச் சுரங்களை மற்ற தட்டுகளில் வைத்துப் பார்ப்பது அருமையான பயிற்சி. அந்த வரியைப் படியெடுப்பதைவிட இதிலிருந்து அதிகம் கிடைக்கிறது.

இனி சங்கடங்கள். முதலாவது பெடலின் குற்றமல்ல, பேஸின் இயல்பு. திறந்த ஈ தந்தியின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ், ஏ தந்திக்கு 55 ஹெர்ட்ஸ். இந்தப் பகுதியில் இரண்டு பேஸ் அடுக்குகள் ஒரே ஒலிபெருக்கியில் சேர்ந்தால் இரண்டும் குழம்பிப் போகும். சிறிய பயிற்சி ஆம்ப் என்றால் இரண்டில் எதுவும் தெளிவாகக் கேட்காது. டிட்டோவில் வரவும் வெளியீடும் மோனோ என்பதால் லூப்பை ஒரு பக்கமும் நேரடி வாசிப்பை மறுபக்கமும் பிரித்து அனுப்ப வழியில்லை. தளத்தைக் கீழே வைத்து வாக்கியங்களை ஏழாம் ஃப்ரெட்டுக்கு மேல் வாசிப்பதும், ஒலியளவுத் திருகைப் பாதிக்குக் கீழே இறக்கித் தளத்தைப் பின்னுக்குத் தள்ளுவதும், முடிந்தால் நல்ல ஹெட்ஃபோனில் கேட்பதும் போதுமான தீர்வுகள். வாக்கியத்தைப் பிறகு கீழ்த் தந்திகளுக்குக் கொண்டுவரும்போது லூப்பில் மூலச் சுரங்களுக்குப் பதிலாக டி, ஜி தந்திகளில் மூன்றாம் சுரத்தையும் ஏழாம் சுரத்தையும் இரட்டையாகப் பதிவு செய்துகொள்ளலாம்; கார்டின் தன்மையை அந்த இரண்டு சுரங்களே சொல்லிவிடும், கீழே நமக்கு இடமும் கிடைக்கும்.

நிறுத்தும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. இருமுறை தட்டினால்தான் நிற்கும் என்பதால், சரியாகத் தட்டின் மேல் நிறுத்த வேண்டுமானால் முதல் தட்டலைச் சற்று முன்கூட்டியே செய்யப் பழக வேண்டியிருக்கிறது. வீட்டுப் பயிற்சியில் இது பொருட்டல்ல. மற்றவர்களோடு வாசிக்கும்போது தொல்லை. அடுக்குகளைச் சேர்ப்பது மிக எளிதாக இருப்பதும் ஓர் ஆபத்து. நான்கைந்து அடுக்குகள் ஏறியவுடன் எல்லாமே நன்றாக இருப்பது போல ஒரு மயக்கம் உண்டாகும்; அந்த நெரிசலில் ஒரு வாக்கியத்தின் குறையும் நிறையும் தெரியாது. ஒரு தளம், அதன் மேல் ஒரு வாக்கியம், அதற்கு மேல் வேண்டாம் என்பதைப் பயிற்சி நேரத்தில் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்பேன். நல்லவையாக அமைந்த லூப்புகளைத் தனித்தனியே சேமித்து வைக்க இதில் இடமில்லை. புதிதாக ஒன்றைப் பதிவு செய்ய முன்னதை அழித்தாக வேண்டும். அமைந்த வாக்கியத்தை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எழுதும்போது நிறுத்தங்களையும் எழுத வேண்டியிருப்பதால் அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியாகிவிடும்.

மெட்ரோனோம் இல்லாததைப் பற்றிப் பலர் குறைப்படுகிறார்கள். தொடக்க நிலையில் உள்ளவர்களைப் பொறுத்தவரை அந்தக் குறை நியாயமானது. அவர்கள் கைப்பேசியில் மெட்ரோனோமை ஓடவிட்டு, ஒரு காதில் அதைக் கேட்டபடி முதல் தளத்தைப் பதிவு செய்துவிட்டு, லூப் சுழலத் தொடங்கியதும் அதை நிறுத்திவிடலாம். சற்றே தேறியவர்கள் மெட்ரோனோமை இரண்டாம் நான்காம் தட்டுகளில் மட்டும் ஒலிக்க வைத்துப் பதிவு செய்யலாம். அதற்கும் அடுத்த நிலையில் எதுவும் வேண்டாம். சொந்தக் கணக்கில் வாசித்த தளமே தாளமாக நிற்க வேண்டும், அது ஆடினால் அதன் மேல் வாசிக்கும் எல்லாமே ஆடும்.

இதே வேலையைக் கைப்பேசிச் செயலியால் செய்ய முடியாதா என்று கேட்கலாம். பதிவு செய்து கேட்பதற்குச் செயலி போதும். ஆனால் தந்தியிலிருந்து கையை எடுத்துத் திரையைத் தொட வேண்டியிருப்பதால் நான்காவது பாரின் கடைசிச் சுரத்தை வாசித்தபடியே லூப்பை மூட முடிவதில்லை. காலால் மூடுவதில்தான் மேலே சொன்ன பயன்கள் எல்லாம் அடங்கியிருக்கின்றன. பிற பெடல்களில் பாஸ் நிறுவனத்தின் ஆர்சி-1 நெருங்கிய போட்டியாளர்: 12 நிமிட ஸ்டீரியோ பதிவு, லூப்பில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை வட்டமாக ஓடிக் காட்டும் 24 விளக்குகள், நிறுத்துவதற்கென்று தனிப் பொத்தானை இணைத்துக்கொள்ளும் வசதி ஆகியவை அதில் உண்டு. அந்த விளக்கு வட்டம் தொடக்கத்தில் பெரும் துணை. எனினும் கண் அதைப் பார்க்கத் தொடங்கினால் காது எண்ணுவதை விட்டுவிடுகிறது என்பது மாணவர்களிடம் நான் கண்டது. தாளங்களும் சேமிப்பும் வேண்டுபவர்களுக்கு அதே நிறுவனத்தின் ஆர்சி-5 இருக்கிறது. டிட்டோவின் பெரிய வடிவமான டிட்டோ எக்ஸ்2-இல் நிறுத்துவதற்குத் தனிப் பொத்தானும், லூப்பைப் பாதி வேகத்திலும் தலைகீழாகவும் ஓடவிடும் வசதியும் உள்ளன. பாதி வேகத்தில் ஓடும்போது சுரம் ஒரு ஸ்தாயி கீழே இறங்கிவிடும் என்றாலும், சுரங்களின் நீளத்தில் உள்ள ஒழுங்கின்மையை அப்படிக் கேட்பது மிகத் தெளிவாகக் காட்டும். மற்றவர்களோடு மேடையில் வாசிப்பவர்களுக்கும் அதையே பரிந்துரைப்பேன்.

ஸ்கேல்களும் ஆர்பெஜியோக்களும் இரண்டு ஸ்தாயிகளில் ஓரளவு கையில் வந்துவிட்டவர்களுக்குச் சாதாரண டிட்டோவே போதும். இன்னும் அந்த நிலைக்கு வராதவர்கள் லூப்பரை வாங்குவதைச் சில மாதங்கள் தள்ளிப்போடலாம். சுரங்களைத் தேடிக்கொண்டிருக்கும் கைக்குச் சுழலும் தளம் பதற்றத்தை மட்டுமே தரும். வாங்குபவர்கள் இதில் பேட்டரி போட இடமில்லை என்பதை நினைவில் வைத்து, நடுமுனை எதிர்மின் கொண்ட 9 வோல்ட் அடாப்டர் ஒன்றையும் சேர்த்து வாங்க வேண்டும். 100 மில்லி ஆம்பியர் தரக்கூடியதாக அது இருக்க வேண்டும். ஏற்கெனவே வேறு பெடல்களுக்கு ஒரே அடாப்டரைப் பகிர்ந்து பயன்படுத்துபவர்கள், டிட்டோவுக்கு மட்டும் தனியாக ஒன்றை ஒதுக்கினால் அமைதியான இடங்களில் கேட்கும் மெல்லிய இரைச்சலைத் தவிர்க்கலாம். பெடல் வரிசையில் கம்ப்ரஸர், ஓவர்டிரைவ் போன்ற ஒலியை மாற்றும் பெடல்களுக்குப் பின்னால், ஆம்புக்கு முன்னால் கடைசியாக இதை வைத்தால், தளத்தை ஓர் ஒலியிலும் வாக்கியத்தை வேறோர் ஒலியிலும் வாசிக்க முடியும்.